நோனாசர் தீவுதானா?

கீதாஞ்சலி என்ன படிக்கிறாள் என்று கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் யார் கேட்டாலும், அவள் அம்மா சௌந்தரம் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "தீவப் பத்திப் படிக்குது." எதிர்வீட்டு வங்காளி அம்மாள் ஒருநாள் "அந்தமானா, லட்சத்தீவா பௌதி?" என்று அண்ணி முறை வைத்துக் கேட்டபோது சௌந்தரத்துக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மகளின் தீவு அந்தமானும் இல்லை, லட்சத்தீவும் இல்லை. இங்கிருந்து லோக்கல் ரயிலில் பாக்னான் போய், அங்கிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் குலுங்கி, ஒரு கால்வாயைத் தாண்டினால் வந்துவிடும் நோனாசர். "சர்" என்றால் ஆற்று மணலும் சேறும் சேர்ந்து மேலே எழும்பிய திட்டு. அப்படி எழும்பி எழுபது வருஷம் ஆகியிருக்கலாம். இப்போது அதில் இருநூற்றுப் பத்து வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், இரண்டு காளி கோயில், வெற்றிலைப் பந்தல்கள்.

கீதாஞ்சலிக்கு வயது இருபத்தேழு. அப்பா ஏழுமலைக்கு ஆரணிப் பக்கம். ரயில் பெட்டி பழுதுபார்க்கும் பிரிவில் முதுநிலை டெக்னீஷியன். அவள் பிறந்தது ரயில்வே ஆஸ்பத்திரியில், படித்தது வங்காளிப் பிள்ளைகளோடு. தமிழ் பேசுவாள், ஆனால் கோபம் வந்தால் வங்காளம்தான் முந்திக்கொண்டு வரும். பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கிடைத்த உதவித்தொகை டிசம்பரோடு நின்றுபோயிற்று. அதற்கப்புறம் கரியாஹாட்டில் ஒரு புடவைக்கடைக்கு மாடியில் இருந்த டுடோரியலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஜியாகிரபி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. ஆய்வுக்கு மிஞ்சியது சனியும் ஞாயிறும்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய வழிகாட்டி சாதனாதி ஒரு அறிவிப்பை அனுப்பினார். அலிப்பூரில் லவணாம்பு அறக்கட்டளை என்று ஒன்று. பழைய கப்பல் கம்பெனிக் குடும்பம் ஒன்று வைத்து நடத்துவது. தீவுகளைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவர் ஒருவருக்கு வருஷாவருஷம் ஃபெலோஷிப் தருவார்கள். மூன்று வருஷம், மாதாமாதம் முப்பத்தைந்தாயிரம், படகுச் செலவு தனி. தீவு ஆய்வுக்கு என்று இந்த ஊரில் வேறு யாரும் காசு தருவதில்லை. மீன்வளத்துக்குத் தருவார்கள், துறைமுகத்துக்குத் தருவார்கள், புயலுக்குத் தருவார்கள். தீவில் மனுஷன் எப்படி இருக்கிறான் என்று கேட்பதற்குத் தரமாட்டார்கள்.

விண்ணப்பித்தாள். முதல் பட்டியலில் பெயர் வந்தது. மார்ச் மாதம் நேர்காணல்.

அலிப்பூரில் கோர்ட்டைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் கட்டடம். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவர் ஒரு வயதான புவியியல் பேராசிரியர். பக்கத்தில் ஒரு பொருளாதார அம்மாள். மூன்றாமவர் அறக்கட்டளையின் செயலாளர் பாலசுப்ரமணியன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை, குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார்.

பேராசிரியர் ஒரு செயற்கைக்கோள் படத்தை அச்செடுத்து வைத்திருந்தார். அதை அவள் பக்கம் திருப்பினார்.

"இது பிப்ரவரியில எடுத்த படம். உன் நோனாசர் இங்க கரையோட ஒட்டிக்கிட்டிருக்கு. நாலு பக்கமும் தண்ணி இருந்தாத்தான் எங்க விதிப்படி தீவு. இது தீவா?"

அந்தக் கேள்விக்குக் கீதாஞ்சலி தயாராகத்தான் வந்திருந்தாள். பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

"சார், கால்வாய் தூர்ந்து கிடக்கறது உண்மைதான். பனிக்காலத்துல தண்ணி வடிஞ்சா முழங்கால் சேத்துல நடந்து போயிடலாம். ஆனா மழைக்காலத்துல முடியாது. பெரிய ஏற்றம் வர்ற நாள்ல முடியாது. போன வருஷம் முழுக்க ஒவ்வொரு நாளும் கணக்கு இருக்கு. நூத்து முப்பத்தோரு நாள் படகு இல்லாம யாரும் போக முடியல."

கணக்கு அவளுடையதல்ல. கால்வாய்க் கரையில் டீக்கடை வைத்திருக்கும் கல்பனாவுடையது. கடைச்சுவரில் தொங்கும் காலண்டரில் படகு ஓடிய நாளுக்கு வட்டம் போடுவாள், நடந்து போன நாளுக்குப் பெருக்கல் குறி. மாதக் கடைசியில் கீதாஞ்சலி அதைப் போட்டோ எடுத்து நோட்டில் ஏற்றுவாள். இதையும் சொன்னாள். பொருளாதார அம்மாளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. "நூற்று முப்பத்தோரு நாள் தீவு," என்று இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மூவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு பேராசிரியர் சொன்னார்: "எங்களுக்குத் திருப்தி. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. சந்தேகம் வந்தா அந்தப் பகுதி பிளாக் ஆபீசுக்கு எழுதி உறுதி வாங்கணும். உன் கணக்கை நகல் எடுத்து லெட்டரோட சேர்த்து அனுப்புவோம். அவங்க ஆமான்னு ஒரு வரி எழுதினாப் போதும்."

வெளியே வரும்போது பாலசுப்ரமணியன் அவளோடு வாசல் வரை வந்தார். அப்போதுதான் தமிழில் பேசினார்.

"பேரைப் பார்த்து வங்காளின்னு நெனச்சேன். அப்பா பேரைப் பார்த்ததும் புரிஞ்சுது. எந்த ஊரும்மா?"

"சாந்த்ராகாச்சி சார்."

"அது இல்லம்மா, சொந்த ஊரு."

"ஆரணி பக்கம். ரெண்டு தடவைதான் போயிருக்கேன்."

அவர் சிரித்தார். "நான் இங்க வந்து நாப்பது வருஷம். பட்டுக்கோட்டைக்குப் போனா என்னைக் கல்கத்தாக்காரர்ங்கறான். லெட்டர் அடுத்த செவ்வாய் போகும். பதில் வந்தா உனக்குத்தான், வேற போட்டி பெருசா இல்ல."

அன்று வீட்டுக்குப் போவதற்கு முன்னால் கரியாஹாட்டுக்குப் போய் அம்மாவுக்கு ஒரு பருத்திப் புடவை வாங்கினாள். பணம் வருவதற்கு முன்னால் செலவழிக்கும் ஆள் இல்லை அவள். அன்றைக்கு வாங்கினாள்.

சனிக்கிழமை காலை நோனாசர் கிளம்பினாள். பிளாக் ஆபீசிலிருந்து விசாரணை வரும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று நரேன் காக்குவிடம் சொல்லிவைக்க வேண்டும். நரேன் மைத்தி, கல்பனாவின் புருஷன். அவரைக் காக்கு, சித்தப்பா என்றும் கல்பனாவைக் காக்கீமா, சித்தி என்றும் கூப்பிடுவாள். நோனாசரின் பஞ்சாயத்து மெம்பர். வெற்றிலைப் பந்தல் வைத்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கையில் ஒரு கேள்வித்தாளோடு சேற்றில் விழுந்து எழுந்து வந்து நின்றபோது, முதலில் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான். அவள் தங்குவதற்குப் பள்ளிக்கூடத்தின் சாவியைக் கொடுத்தவரும் அவர்தான்.

தண்ணீர் வடிந்திருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே தாண்டினாள். டீக்கடை பெஞ்சில் நரேன் உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல, டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டார்.

"பிளாக் ஆபீசுக்கா எழுதறாங்க?"

"ஆமா காக்கு. நோனாசர் தீவுதானான்னு கேட்டு. நீங்க ஒரு வார்த்தை..."

"என்னிக்குப் போகுது லெட்டர்?"

"செவ்வாய்க்கிழமை."

அவர் கல்பனாவைப் பார்த்தார். கல்பனா அடுப்பைப் பார்த்தாள். பிறகு நரேன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதிலிருந்த காகிதத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தார். நோனாசர் மக்கள் சார்பில் பிளாக் அதிகாரிக்கு மனு. இருநூற்றுச் சொச்சம் கையெழுத்து, பாதி கைநாட்டு. கால்வாயில் நான்கு கண் வைத்த சிறுபாலம் கட்டி, அக்கரையோடு நின்றுபோகிற கிராமச் சாலையைப் பள்ளிக்கூடம் வரை நீட்டித் தர வேண்டும். அதில் மூன்றாவது வரியைக் கீதாஞ்சலி இரண்டு முறை படித்தாள்: 'நோனாசர் தீவு அல்ல. கால்வாய் தூர்ந்துவிட்டது. மக்கள் வருடம் முழுவதும் நடந்தே கடக்கிறார்கள்.'

"தீவுன்னு எழுதினா கிராமச் சாலைக் கணக்குல வராதும்மா," என்றார் நரேன். "ஆத்துப் பாலம்னு போயிடும். அது மாவட்டத்துக்குப் போவணும், கல்கத்தாவுக்குப் போவணும். எங்க அப்பா காலத்துலயே ஒரு தடவை போச்சு, இன்னும் திரும்பி வரல. ஒட்டின நிலம்னு எழுதினா பிளாக் ஆபீசே கட்டலாம். ஜூனியர் இன்ஜினியர் வந்து பார்த்துட்டு எழுதிட்டார். நடந்து தாண்டினார், பேன்ட் நனையல."

"எப்ப வந்தார்?"

"ஜனவரியில. நீதானே தேதி சொன்ன."

கீதாஞ்சலிக்குச் சட்டென்று நினைவு வந்தது. ஜனவரி முதல் வாரம் நரேன் போன் பண்ணி, இந்த மாசம் தண்ணி ரொம்ப வடியற நாள் எது, எத்தனை மணிக்கு என்று கேட்டார். துறைமுகத்தின் நீரேற்ற அட்டவணை அவள் போனில் இருந்தது. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், காலை எட்டு மணிக்கு என்று சொன்னாள். பந்தலுக்கு மூங்கில் கொண்டுவரத்தான் கேட்கிறார் என்று நினைத்தாள்.

ஆக, நோனாசர் தீவு என்கிற கணக்கும் அவள் கொடுத்ததுதான், தீவு இல்லை என்கிற கணக்கும் அவள் கொடுத்ததுதான். இரண்டிலும் பொய் கிடையாது. இரண்டும் இப்போது ஒரே ஆபீசின் ஒரே மேஜைக்குப் போகப்போகின்றன.

"உன் காகிதத்துல நூத்து முப்பத்தொண்ணுன்னு இருக்கா?" என்று கல்பனா கேட்டாள்.

"இருக்கு காக்கீமா."

"என் கணக்கு சரியாத்தான் இருக்கும்," என்றாள் கல்பனா. அதைப் பெருமையாகச் சொன்னாளா வருத்தமாகச் சொன்னாளா என்று கீதாஞ்சலிக்குப் பிடிபடவில்லை. போன ஆவணியில் கல்பனாவின் மருமகளுக்கு இடுப்புவலி எடுத்தபோது படகுக்காரனைத் தேடி எழுப்பிக் கொண்டுவர மூன்று மணி நேரம் ஆயிற்று. குழந்தை படகிலேயே பிறந்தது. அந்த நாளுக்கும் காலண்டரில் ஒரு வட்டம்தான் இருந்தது, மற்ற நாட்களைப் போலவே.

நரேன் அவளைக் குறை சொல்லவில்லை. "தெரியாமத்தானே பண்ணே," என்றார். ஆனால் வழக்கமாகக் கால்வாய் வரை கூட வந்து வழியனுப்புகிறவர் அன்று பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். ஏழுமலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சௌந்தரத்துக்கு முதலில் புரியவில்லை.

"அவுங்க பாலத்துக்கும் உன் படிப்புக்கும் இன்னாடி சம்மந்தம்?"

"என்னோட பேப்பர் போச்சுன்னா அவங்க பாலம் நின்னுடும்மா."

"நிக்கும்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியாது. நின்னாலும் நிக்கலாம்."

"நின்னாலும் நிக்கலாம்னு சொல்லி மூணு வருஷ சம்பளத்த வுடுவாங்களா யாராவது? அப்பா ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான் கீது. அப்புறம் இந்த குவார்ட்டர்ஸும் கெடயாது."

ஏழுமலை கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "முன்ன நான் வேல பார்த்த யார்டு ஒண்ணுல ஒரு லைன் இருந்துச்சு," என்றார். "டெய்லி வண்டி நிக்கும். ஆனா பிளான்ல அந்த லைன் எடுத்தாச்சுன்னு போட்டுட்டாங்க. அதனால லைட்டு கேட்டா தரமாட்டான். இல்லாத லைனுக்கு இன்னாத்துக்கு லைட்டுன்னுவான். டார்ச்ச வாயில கவ்விக்கினு வேல செஞ்சோம், ஆறு வருஷம்." கொஞ்சம் யோசித்தார். "பேப்பர்ல இன்னா எழுதியிருக்குதோ அதான் ஆபீசுக்கு ஊரு. நீ இன்னா பண்றியோ பண்ணு. ஆனா அப்பறம் உக்காந்து அழாத."

சாதனாதிக்குப் போன் பண்ணினாள். அவர் அப்படி லேசாக விடவில்லை. "நீ ஆராய்ச்சி பண்றவ. தண்ணி எத்தனை நாள் இருந்துதுன்னு சொல்றதுதான் உன் வேலை. அதை மறைக்கறது உன் வேலை இல்ல. நாளைக்கு தீசிஸ்ல என்ன எழுதுவே?"

"தீசிஸ்ல எழுதுவேன் சாதனாதி. அது வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள பாலம் கட்டி முடிஞ்சிருக்கும். இந்த லெட்டர் செவ்வாய்க்கிழமை போகுது."

"இப்படி ஒரு ஃபெலோஷிப் இனி வராது, புரியுதா?"

"புரியுது."

புரியத்தான் செய்தது. திங்கட்கிழமை டுடோரியலுக்கு லீவு சொல்லிவிட்டு அலிப்பூருக்குப் போனபோது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனாள். கேட்டால் ஏதாவது வழி இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

பாலசுப்ரமணியன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவை எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நகலை மட்டும் எடுத்துட்டு லெட்டரை அனுப்ப முடியாதா சார்?"

"நகல் இல்லாம எதை வெச்சு உறுதி பண்ணுன்னு கேப்பேன்?"

"வேற தீவுக்கு மாத்திக்கறேன். சாகர் தீவு. அதுல யாருக்கும் சந்தேகம் வராது."

"இன்டர்வியூ ஆனப்புறம் இடம் மாத்த விதி இல்லம்மா. மாத்தினா அடுத்த ஆளு கேஸ் போடுவான்."

"லெட்டரே அனுப்பாம விட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைப்பதுபோல் பேன்ட்டில் துடைத்தார். "அப்ளிகேஷன் இருக்கற வரைக்கும் லெட்டர் போகணும். மூணு பேர் கையெழுத்துப் போட்ட தீர்மானம் அது. நான் வெறும் செக்ரட்டரி." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ளிகேஷன் இல்லைன்னா லெட்டரும் இல்ல. அந்த ஃபைலை மூடிடுவேன். வாபஸ் வாங்கினவங்க ரெண்டு வருஷத்துக்கு மறுபடி போட முடியாது, அதையும் தெரிஞ்சுக்கோ. நாளைக்கு நாலு மணிக்குத் தபால். அதுவரைக்கும் யோசி."

கீதாஞ்சலி சந்து முனைக்குப் போய் ஒரு டீ குடித்தாள். கோர்ட்டுக்கு வந்தவர்கள் கறுப்புக் கோட்டுக்காரர்களைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நரேனுக்குப் போன் பண்ணலாமா என்று யோசித்தாள். பண்ணி என்ன கேட்பது? நான் விட்டுக்கொடுக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லவேண்டிய கட்டாயத்தில் அவரை நிறுத்துவதுபோல் ஆகிவிடும். டீக்காரன் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டு மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் கவனித்தாள். நாளைவரை காத்திருந்தால் மனசு மாறிவிடும் என்று பயமாக இருந்தது. எந்தப் பக்கம் மாறும் என்பதும் தெரிந்தே இருந்தது.

திரும்பிப் போய் ஒரு வெள்ளைத்தாள் கேட்டாள். சொந்தக் காரணங்களால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று இரண்டு வரி. தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு நீட்டினாள். பாலசுப்ரமணியன் அதில் முத்திரை குத்தி, நகலில் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்தார். அவள் படியிறங்கும்போது, "சாப்டுட்டுப் போம்மா, உள்ள சாப்பாடு இருக்கு," என்றார். "பரவால்ல சார்" என்றாள். அழாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அப்போது அவளுக்கு இருந்த யோசனை. ஆட்டோ ஸ்டாண்டு வரை அது முடிந்தது.

ஃபெலோஷிப் ஸ்ரீநாத் என்பவனுக்குப் போயிற்று. போர்ட் பிளேயரில் வளர்ந்த பையன், மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி ஆய்வு. ஒரு கருத்தரங்கில் சந்தித்தபோது அவனே வந்து பேசினான், நல்லவனாகத்தான் இருந்தான். அதனால் அவன்மேல் பொறாமைப்படுவதும் கஷ்டமாக இருந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவள் நோனாசர் போகவில்லை. வேலை அதிகம் என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில் அங்கே போனால் யார்மேலாவது கோபம் வந்துவிடுமோ என்று இருந்தது. கல்பனா மாதம் தவறாமல் காலண்டரைத் தன் மகனின் போனில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

சாதனாதி ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் தன்னுடைய இன்னொரு ஆய்வுத் திட்டத்தில் அவளைப் பகுதிநேர உதவியாளராகப் போட்டார். பழைய படகுத்துறைகளின் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. டுடோரியலில் இரண்டு நாள் குறைத்துக்கொள்ள முடிந்தது.

ஜூலையில்தான் போனாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது, கால்வாய் நிறைந்து ஓடியது. இக்கரையில் கருங்கல் ஜல்லி மூன்று லாரி கொட்டிக் கிடந்தது. பக்கத்தில் மூங்கில் நட்டு ஒரு தகரப் பலகை: கிராமச் சாலை நீட்டிப்பு, ஒப்பந்தக்காரர் பெயர், முடிக்க வேண்டிய தேதி. ஜல்லியை மேய்வதுபோல் நான்கு ஆடுகள் சுற்றி நின்றன. படகில் அக்கரை போனாள்.

நரேன் கடையில் இருந்தார். முகம் கொடுத்துப் பேசினார். கல்பனா சோறும் இலிஷ் மீன் குழம்பும் வைத்தாள். பாதிச் சாப்பாட்டில் நரேன் கேட்டார்: "நீ அந்த ஸ்காலர்ஷிப்பை எழுதிக் குடுத்துட்டு வந்துட்டியாமே?"

"யார் சொன்னது?"

"உன் மேடம் போன வாரம் வந்தாங்க, ஏதோ படகுத்துறைப் பதிவுக்காக. சொன்னாங்க." அவர் குரலில் நன்றி இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க காக்கு?"

"போகட்டும்னு சொல்லியிருப்பேன்! பிளாக் ஆபீசுல இந்த மாதிரி லெட்டர் வந்தா யார் பதில் எழுதறது? அந்த ஆபீசரா வந்து கால்வாயில இறங்குவார்? 'விவரம் கேட்டு அனுப்புக'ன்னு பஞ்சாயத்துக்கு அனுப்புவான். பஞ்சாயத்துல எங்கிட்ட அனுப்புவான். அந்த லெட்டர் கடைசியில என் கைக்குத்தான் வந்திருக்கும்மா."

கீதாஞ்சலியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இது அவளுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருஷம் இந்த ஊரின் ஒவ்வொரு காகிதமும் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வருகிறது என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு, தன்னுடைய காகிதத்துக்கு அந்த வழி ஞாபகம் வரவில்லை.

"வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன பண்ணுவேன்? டப்பாவுல போட்டு வெச்சிருப்பேன்."

"தீவுதான்னு எழுதியிருக்க மாட்டீங்க."

நரேன் யோசித்தார். பொய் சொல்வதற்கான யோசனை இல்லை அது. "மாட்டேன்," என்றார். "டெண்டர் விடற வரைக்கும் பதிலே எழுதியிருக்க மாட்டேன்."

"அப்ப எப்படியும் எனக்குக் கிடைச்சிருக்காது."

"அது ஆமா," என்றார் நரேன். சொன்னபிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்பனா மீன் சட்டியைக் கொண்டுவந்து, "போதும், பொண்ணைச் சாப்பிட விடு," என்று இன்னொரு துண்டு வைத்தாள்.

கீதாஞ்சலிக்குச் சிரிப்பு வந்தது. நான்கு மாதமாக நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது எதுவோ நகர்ந்ததா, இன்னும் கனமாகிவிட்டதா என்று உடனே சொல்ல முடியவில்லை. ஆனால் பசித்தது. துண்டு மீனை முள் பிரித்துத் தின்று முடித்தாள். நல்ல மீன், சினை மீன்.

சாப்பிட்டபிறகு நோட்டை எடுத்தாள். கட்டுமானம் ஆரம்பித்தபிறகு படகுக்காரர்கள் இருவருக்கும் என்ன பிழைப்பு, அவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்களா என்பது இந்தத் தடவை கேட்கவேண்டிய கேள்வி. "ஒருத்தன் போட்டான், ஒருத்தன் போடல," என்றாள் கல்பனா. "போடாதவன் வீடு அந்தக் கோடியில. மழை வலுக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடு, அப்புறம் படகு எடுக்க மாட்டான்."

பாலம் அடுத்த வருஷம் பாதி எழும்பி, ஒப்பந்தக்காரர் மாறி, அதற்கடுத்த குளிரில் முடிந்தது. ஆட்டோ உள்ளே வருகிறது. கீதாஞ்சலி ஆய்வேட்டைக் குறித்த நாளுக்குப் பதினான்கு மாதம் தாமதமாகச் சமர்ப்பித்தாள். கல்பனாவின் கணக்கு நான்காம் அத்தியாயத்தில் அவள் பெயரோடேயே இருக்கிறது. ஏழுமலை ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்திலேயே இரண்டு அறை வாடகை வீட்டுக்கு மூவரும் மாறினார்கள். கொண்டுவந்த சாமான்களை வைக்க இடமில்லாமல் ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளும் இப்போது சௌந்தரத்தின் அரிசி டிரம்முக்கு மேலே அடுக்கியிருக்கின்றன.